தமிழ் வழியாக ஸ்பானிஷ்: அன்றாட உரையாடலுக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் கற்க விரும்பும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகவே அதற்குள் நுழைகின்றனர். கைப்பேசிச் செயலிகள், பாடநூல்கள், காணொளிகள் ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் கிடைப்பதால் அப்படி நடந்துவிடுகிறது. ஆனால் அதனால் நமக்கு இழப்பே அதிகம். ஆங்கிலம் பேசுபவர் தடுமாறும் ஒலிகளையும் வாக்கிய அமைப்புகளையும் அந்தப் பாடங்கள் பெரிய மலைகளாகக் காட்டுகின்றன; அவற்றில் பாதி தமிழ் பேசுபவருக்குச் சமதரை. நமக்கு உண்மையில் இடறும் இடங்களைப் பற்றியோ அவை ஒரு சொல்லும் சொல்வதில்லை. தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்குப் போகும் பாதை எது, அதில் எங்கே வேகமாகப் போகலாம், எங்கே நிதானிக்க வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

உலகில் சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழியாக உள்ள ஸ்பானிஷ், நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆகையால் தொடக்கத்திலேயே ஒரு நாட்டு வழக்கைத் தேர்ந்துகொள்வது நல்லது. இங்கே மெக்சிகோ வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பானிஷ் பேசும் நாடுகளுள் மக்கள்தொகையில் முதலிடம் அதற்குத்தான் என்பது ஒரு காரணம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் பல்லிடுக்கில் நாக்கை வைத்து ஒலிக்கும் எழுத்துகள் மெக்சிகோவில் வெறும் 'ஸ' ஆகிவிடுகின்றன என்பது இன்னொரு காரணம். நமக்கு ஒரு வேலை மிச்சம்.

முதல் படி: ஒலியைப் பிடித்தல்

ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. அவை எந்தச் சொல்லிலும் நிறம் மாறுவதில்லை. ஆங்கிலேயர் 'ஓ' என்பதை 'ஓஉ' என்று இழுத்துக் கெடுப்பார்கள்; நாம் 'ஒரு' என்ற சொல்லில் ஒலிப்பது போலவே ஒலித்தால் போதும். குறில், நெடில் வேறுபாடு அங்கே பொருளை மாற்றாது. ஆதலால் கீழே நெடிலாக எழுதியிருக்கும் இடங்களிலும் அளவுக்கு மேல் நீட்ட வேண்டாம்.

மெய்யொலிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதியை எந்த ஆங்கிலப் பாடமும் சொல்லாது. தமிழில் க, த, ப ஆகியவை சொல்லின் முதலில் வலிந்தும், இரண்டு உயிர்களுக்கு நடுவே குழைந்தும் ஒலிக்கின்றன. 'தாது' என்று சொல்லிப் பாருங்கள்; முதல் 'த' கல் போல விழுகிறது, இரண்டாவது பல்லின் ஓரத்தில் உரசிப் போகிறது. 'எல்லாம்' என்று பொருள்படும் 'தோதோ' என்ற ஸ்பானிஷ் சொல்லும் இப்படியேதான் ஒலிக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் இந்தக் குழைவைப் பெறப் பல மாதம் பயிற்சி செய்கிறார். நமக்கு அது பிறவிச் சொத்து.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்போது நாம் 'ட' போட்டுப் பழகியிருப்பதால், பலரும் 'டாக்கோ', 'டொமேட்டோ' என்று சொல்கின்றனர். ஸ்பானிஷில் 'ட' இல்லை. சொல்ல வேண்டியவை 'தாக்கோ', 'தொமாத்தே'. நாக்கு பல்லைத் தொட வேண்டும். மேலண்ணத்துக்குப் போகக் கூடாது.

இந்தக் கட்டுரையில் எழுத்துகளைப் படிக்கும் முறை இதுதான். க்க, த்த, ப்ப என்று இரட்டித்திருந்தால் அது அழுத்தமான வல்லொலி. இரட்டிக்கவில்லையென்றால் தமிழில் போலவே குழைவொலி. சொல்லின் முதலில் வரும் க, த, ப ஆகியவற்றை வலிந்தே படியுங்கள். 'கிராமம்', 'தினம்', 'புத்தர்' ஆகியவற்றின் முதலெழுத்துப் போல மெலிந்து ஒலிக்க வேண்டிய சொற்களை அங்கங்கே சுட்டிக்காட்டுகிறேன். ரகரத்தில், 'மரம்' என்பதன் ஒற்றை ரகரம் நமக்குத் தெரிந்ததே. சொல்லின் முதலிலும், 'ர்ர' என்று இரட்டித்த இடத்திலும் நாவை உருட்ட வேண்டும். 'பேரோ' என்றால் 'ஆனால்', 'பேர்ரோ' என்றால் 'நாய்'.

ஸகர மெய்யோடு வேறொரு மெய் சேர்ந்து சொல் தொடங்குவதை ஸ்பானிஷ் விரும்பாது. முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். பள்ளிக்கு 'எஸ்குவேலா', நிலையத்துக்கு 'எஸ்தஸியோன்'. நம் ஊர்ப் பாட்டிமார் 'இஸ்கூல்' என்று சொல்லும் அதே நாக்குதான் அங்கேயும் வேலை செய்கிறது.

இரண்டாம் படி: அழுத்தம்

நாம் கவனமாக இருக்க வேண்டிய முதல் இடம் இது. தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையைத் தூக்கிச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை, ஸ்பானிஷில் மாறும். 'பப்பா' என்பதில் முதல் அசையை அழுத்தினால் மெக்சிகோவில் உருளைக்கிழங்கு, இரண்டாம் அசையை அழுத்தினால் அப்பா. 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. கடைசி அசையைத் தூக்கி 'அப்லோ' என்றால் 'அவர் பேசினார்'.

விதி எளிது. உயிரெழுத்திலோ ன், ஸ் என்ற மெய்களிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம்; பிற மெய்களில் முடிந்தால் கடைசி அசையில். இதற்கு மாறான சொற்களில், அழுத்த வேண்டிய உயிரின் தலையில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்தாலே எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். புதுச் சொல் ஒன்றை எழுதிக்கொள்ளும்போது அழுத்தம் விழும் அசையின் கீழே கோடு இட்டுக்கொள்ளும் பழக்கம் முதல் இரண்டு மாதங்களுக்கு மிகவும் உதவும்.

கேள்வி கேட்பதும் இதோடு சேர்ந்ததே. தமிழில் 'பால் இருக்கிறதா' என்று கடைசியில் ஓர் ஆகாரம் சேர்த்துவிட்டால் கேள்வி முடிந்தது. ஸ்பானிஷில் அப்படி ஒட்டு எதுவும் இல்லை. 'தியேனே லேச்சே' என்பதைச் சமமாகச் சொல்லி இறக்கினால் 'பால் வைத்திருக்கிறார்'. குரலைக் கடைசியில் ஏற்றினால் 'பால் வைத்திருக்கிறீர்களா?' குரலை ஏற்றாமல் கேட்டால் கடைக்காரர் கேள்வி என்றே அறியாமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் படி: தப்பிக்க உதவும் வாக்கியங்கள்

பெரும்பாலான பாடங்கள் வணக்கத்தில் தொடங்குகின்றன. என் கருத்தில், புரியாதபோது சொல்ல வேண்டியவற்றை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும்; வணக்கம் சொன்ன அடுத்த நொடியே எதிரில் இருப்பவர் மடமடவென்று பேசத் தொடங்கிவிடுவார்.

'நோ என்த்தியேந்தோ' என்றால் புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபபோர்' என்றால் இன்னும் மெதுவாக, தயவுசெய்து. இதில் 'தெஸ்பாஸியோ' என்பதன் முதலெழுத்து 'தினம்' போல மெலியும். 'மே லோ ரெப்பீத்தே?' என்றால் அதை எனக்குத் திரும்பச் சொல்கிறீர்களா. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி 'கோமோ ஸே தீஸே எஸ்தோ?' என்று கேட்டால் இதை எப்படிச் சொல்வார்கள் என்று பொருள். 'தீஸே' என்பதும் மெலிந்தே ஒலிக்கும். 'எஸ்தோய் அப்ரெந்தியேந்தோ எஸ்பஞோல்', அதாவது ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் பலரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

பிறர் சொன்னது காதில் விழாதபோது 'கே?' என்று கேட்பது மெக்சிகோவில் பெரியவர்களிடம் சற்று மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே 'மாந்தே?' என்பார்கள். 'கட்டளையிடுங்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். நாம் 'சொல்லுங்க' என்று இழுக்கும் இடத்தில் அது வந்து உட்காருகிறது.

நான்காம் படி: வணக்கமும் மரியாதையும்

காலையில் 'புவேனோஸ் தீயாஸ்', நண்பகலுக்குப் பின் 'புவேனாஸ் தார்தேஸ்', இரவில் 'புவேனாஸ் நோச்சேஸ்'. 'புவேனோஸ்', 'தீயாஸ்' இரண்டும் மெலிந்த முதலொலி கொண்டவை, 'தார்தேஸ்' வலிந்தது. கடைக்குள், மின்தூக்கிக்குள், மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்வது மெக்சிகோ வழக்கம். சொல்லாமல் நேரே விலை கேட்பவரை முரடர் என்று நினைப்பார்கள். இரவு வணக்கம் சந்திக்கும்போதும் பிரியும்போதும் பொருந்தும்.

'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாட்டை ஆங்கிலம் பேசுபவருக்கு விளக்க ஓர் அத்தியாயமே எழுதுவார்கள். நமக்கு அது தேவையில்லை: 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். யாரை நீங்கள் என்று அழைப்பீர்களோ அவரை உஸ்தேத் என்றே அழையுங்கள். நுட்பம் ஒன்றுதான்: உஸ்தேத் வரும்போது வினைச்சொல் 'அவர்' என்பதற்குரிய வடிவை எடுக்கும். 'கோமோ எஸ்தாஸ்?' என்றால் எப்படி இருக்கிறாய், 'கோமோ எஸ்தா?' என்றால் எப்படி இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறார் இரண்டுமே. 'ஐயா என்ன சாப்பிடுகிறார்?' என்று எதிரில் இருப்பவரையே படர்க்கையில் கேட்கும் பழைய மரியாதையை நினைத்துக்கொண்டால் இது ஒட்டிக்கொள்ளும். பதில் 'பியேன், க்ராஸியாஸ், இ உஸ்தேத்?', அதாவது நலம், நன்றி, நீங்கள்? முதல் இரண்டு சொற்களும் மெலிந்து தொடங்கும். 'க்ராஸியாஸ்' என்பதைக் 'கிராமம்' போலத் தொடங்குங்கள்.

பெயர் சொல்ல 'மே யாமோ' என்று தொடங்கிப் பெயரைச் சேர்க்க வேண்டும்; அறிமுகமானதும் 'மூச்சோ குஸ்தோ' என்பது மரபு. கூட்டத்தில் வழி கேட்டு நகர 'கோன் பெர்மீஸோ', தெரியாமல் இடித்துவிட்டால் 'பெர்தோன்', ஒருவரை நிறுத்தி ஏதேனும் கேட்க 'திஸ்கூல்ப்பே'. இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வதே புதியவரின் அடையாளம்.

உணவகத்தில் பரிமாறுபவரை 'ஹோபென்' என்று அழைக்கலாம். 'இளைஞரே' என்பது பொருள். அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தாலும் அதே அழைப்புதான். அண்ணே, தம்பி என்று முன்பின் அறியாதவரை உறவாக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றாது.

ஐந்தாம் படி: தமிழ் அச்சில் வார்க்கும் வாக்கியங்கள்

ஒட்டுமொத்த வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே.

முதலில், 'நான்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 'வருகிறேன்' என்றாலே வருவது யார் என்று தெரிவது போல ஸ்பானிஷ் வினையின் விகுதியும் ஆளைக் காட்டிவிடும். 'தேங்கோ' என்றால் என்னிடம் இருக்கிறது, 'தியேனேஸ்' என்றால் உன்னிடம் இருக்கிறது, 'தியேனே' என்றால் அவரிடம் அல்லது உங்களிடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ', 'யோ' என்று தன்னையே சுட்டிக்கொண்டிருந்தால் கேட்பவருக்குத் தற்பெருமை போல ஒலிக்கும்.

அடுத்தது, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். ஆங்கில வழிப் பாடங்கள் 'மே குஸ்தா' என்பதைத் தலைகீழான, விசித்திரமான அமைப்பு என்று எச்சரிக்கின்றன. 'மே குஸ்தா எல் கஃபே' என்பது 'எனக்குப் பிடிக்கும் காபி'. இதில் தலைகீழ் எங்கே இருக்கிறது? 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்கு வலிக்கிறது தலை. ஆங்கிலத்தில் 'என் தலை' என்று சொல்லியாக வேண்டும். தமிழிலும் ஸ்பானிஷிலும் தலை என்றாலே போதும், யாருடையது என்று கேட்பார் இல்லை. பிடித்தவை பலவானால் 'மே குஸ்தான்' என்று வினை பன்மையாகும். இது மட்டுமே புதிது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். சாவியைத் தொலைத்தவர் நம் ஊரில் 'சாவியைத் தொலைத்தேன்' என்று சொல்வது அரிது; 'சாவி தொலைஞ்சு போச்சு' என்பார். குற்றம் சாவியுடையது. ஸ்பானிஷும் அப்படியே நழுவுகிறது: 'ஸே மே பெர்தியோ லா யாபே'. மறந்துவிட்டால் 'ஸே மே ஓல்பிதோ', கைநழுவி விழுந்துவிட்டால் 'ஸே மே கயோ'. மூன்றிலும் கடைசி அசையில் அழுத்தம். இந்த அமைப்பை ஆங்கிலப் பாடத்திட்டங்கள் இடைநிலைக்குத் தள்ளிவைக்கின்றன. நாம் முதல் மாதத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

'மே லோ தா' என்பதைப் பாருங்கள். 'மே' எனக்கு, 'லோ' அதை, 'தா' தருகிறார். தமிழின் அதே வரிசை. முழுப் பெயர்ச்சொல் வரும்போது அது வினைக்குப் பின்னால் போய்விடும் என்றாலும், 'அதை', 'எனக்கு', 'உனக்கு' போன்ற சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் நிற்கும்.

எதிர்காலத்துக்கு 'போய் ஆ' என்று தொடங்கி வினையின் மூல வடிவைச் சேர்க்க வேண்டும். 'போய் ஆ கொமேர்' என்றால் சாப்பிடப் போகிறேன். முதல் சொல்லை மட்டும் 'புத்தர்' போல மெலிந்து தொடங்குங்கள். நம் 'போய்' என்பதோடு அதற்கு எந்த உறவும் இல்லை என்றாலும், நினைவில் நிறுத்த இதைவிட நல்ல தற்செயல் கிடைக்காது. 'தேங்கோ கே' என்று தொடங்கினால் கட்டாயம்: 'தேங்கோ கே ஈர்', போக வேண்டும். 'கியேரோ' என்றால் விருப்பம்: 'கியேரோ கொமேர்', சாப்பிட விரும்புகிறேன். 'ஸே புவேதே' என்பது நம் 'லாமா' விகுதி: 'ஸே புவேதே பகார் கோன் தர்ஹேத்தா?', அட்டையில் பணம் செலுத்தலாமா? இந்த நான்கு அச்சுகளும் வினைச்சொற்கள் இருபதும் கைவசம் இருந்தால், காலங்களையும் விகுதிகளையும் முழுமையாகக் கற்கும் முன்பே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

பசி, தாகம், தூக்கம், அவசரம், வெக்கை ஆகியவற்றில் ஸ்பானிஷ் 'எனக்கு' என்று சொல்லாமல் 'என்னிடம் உள்ளது' என்கிறது: 'தேங்கோ ஆம்ப்ரே' பசி, 'தேங்கோ ஸேத்' தாகம், 'தேங்கோ கலோர்' வெக்கை. இங்கே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து 'எஸ்தோய் கலியேன்த்தே' என்று சொல்லிவிட்டால் அது காம இச்சையைக் குறிக்கும். வயதும் அப்படித்தான்: 'தேங்கோ த்ரேய்ன்த்தா ஆஞோஸ்', எனக்கு முப்பது வயது. இதில் ஞகரத்தை னகரமாக்கினால் சபையில் சொல்லத் தகாத உறுப்பின் பெயராகிவிடும் என்பதால், ஞானம் என்பதன் ஞகரத்தை இங்கே அழுத்தமாகவே சொல்லுங்கள். ஆங்கிலச் சாயலில் கூச்சம் என்று நினைத்து 'எம்பரஸாதா' என்று சொல்லும் பெண்ணுக்கு வாழ்த்துகள் குவியும். அதற்குக் கர்ப்பிணி என்று பொருள்.

ஆறாம் படி: இருத்தல் மூன்று வகை

தமிழில் 'நான் ஆசிரியர்' என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது, வினை தேவையில்லை. ஸ்பானிஷில் தேவை, அதுவும் இரண்டு வினைகள். இன்னார், இன்ன ஊர், இன்ன தொழில் என்று தமிழில் வினையின்றிச் சொல்லும் இடங்களில் 'ஸோய்': 'ஸோய் இன்ஹெனியேரோ', நான் பொறியாளர், 'ஸோய் தே மதுரை', நான் மதுரைக்காரன். தற்போதைய நிலையையும் இடத்தையும் 'இருக்கிறேன்' என்று சொல்லும்போது 'எஸ்தோய்': 'எஸ்தோய் கன்ஸாதோ', களைப்பாக இருக்கிறேன்; பெண் சொன்னால் 'கன்ஸாதா'. இந்த உத்தி முக்கால்வாசி இடங்களில் சரியாக வரும். வீடு பெரிதாக இருக்கிறது, பெண் அழகாக இருக்கிறாள் என்பன போன்ற நிலையான பண்புகளில் மட்டும் நம் 'இருக்கிறது' நம்மை ஏமாற்றும். அங்கே ஸோய் குடும்பத்துச் சொல்லான 'எஸ்' வர வேண்டும்: 'லா காஸா எஸ் க்ராந்தே'.

மூன்றாவது 'ஆய்'. இது நம் 'உண்டு'. 'ஆய் ஆகுவா?', தண்ணீர் உண்டா? ஒருமை, பன்மை, ஆண், பெண் எதுவும் பார்க்காது. கழிப்பறை எங்கே என்று கேட்க 'தோந்தே எஸ்தா எல் பாஞோ?', 'தோந்தே', 'பாஞோ' இரண்டும் மெலிந்தவை.

ஏழாம் படி: சந்தையும் சாப்பாடும்

மெக்சிகோவின் தெருச் சந்தையில் நடந்தால் 'பாஸெலே, பாஸெலே' என்ற கூவல் காதைத் துளைக்கும், வாங்க, வாங்க. பழம் எடுக்கும் முன் 'ஆ கோமோ எல் கீலோ?' என்று கேளுங்கள்; கிலோ என்ன விலை. மொத்தம் எவ்வளவு என்பதற்கு 'குவான்த்தோ எஸ்?', சில்லறை உண்டா என்பதற்கு 'தியேனே காம்பியோ?' கொடுக்க வேண்டியதை வாங்கிக்கொள்ளச் சொல்ல 'மே கோப்ரா, போர் ஃபபோர்?' என்பது உணவுக்கடைகளில் நாள்தோறும் கேட்கும் வாக்கியம்.

நண்பகலில் 'ஃபோந்தா' எனப்படும் சிறு உணவகங்களில் சூப், சோறு அல்லது பாஸ்தா, ஒரு முதன்மை உணவு, பழச்சாறு கலந்த நீர் ஆகியவை சேர்ந்து ஒரே விலையில் கிடைக்கும். பெயர் 'கொமீதா கோர்ரீதா', நம் மெஸ் சாப்பாட்டின் தூரத்து உறவு. உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்து 'ப்ரொபேச்சோ' என்று சொல்வது வழக்கம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற வாழ்த்து அது. சொல்பவர் முன்பின் அறியாதவராக இருப்பார், தலையசைத்து 'க்ராஸியாஸ்' சொன்னால் போதும்.

தாக்கோ கடையில் விழும் முதல் கேள்வி 'கோன் தோதோ?', அதாவது எல்லாம் போட்டா? எல்லாம் என்றால் நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும். வெங்காயம் வேண்டாமென்றால் 'ஸின் ஸெபோயா'. பொட்டலம் கட்ட 'பாரா யெபார்', அங்கேயே சாப்பிட 'பாரா கொமேர் அக்கீ'.

சைவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிப்பது நல்லது. 'ஸோய் பெஹெத்தரியானோ' என்று மட்டும் சொன்னால் போதாது. பெண் என்றால் 'பெஹெத்தரியானா'. 'கார்னே' என்ற சொல் பல இடங்களில் மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் மட்டுமே நினைவூட்டுவதால், இறைச்சி வேண்டாம் என்றவருக்குக் கோழியைக் கொண்டுவந்து வைப்பது உண்டு. ஆகவே பட்டியலிட்டே சொல்ல வேண்டும்: 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ', இறைச்சியோ கோழியோ மீனோ சாப்பிடமாட்டேன். அதோடு முடியவில்லை. மசித்து வறுத்த பயறும், தமால் எனப்படும் மாவுக் கொழுக்கட்டையும் பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது பரவலான வழக்கம். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். 'யேபா மன்த்தேக்கா?' என்றால் பன்றிக் கொழுப்புச் சேர்த்திருக்கிறதா. 'யேபா கால்தோ தே போயோ?' என்றால் கோழிச் சாறு சேர்த்திருக்கிறதா. நம்பிக் கேட்கக்கூடியவை பூசணிப்பூ, காளான், சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை வைத்து மடித்த ரொட்டிகளான கெஸதீயாக்கள்: 'தே ஃப்ளோர் தே கலபாஸா', 'தே ஓங்கோஸ்', 'தே நொப்பாலேஸ்'. மெக்சிகோ நகரத்தில் கெஸதீயாவில் பாலாடைக்கட்டி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, 'கோன் கேஸோ' என்று தனியாகக் கேட்க வேண்டும்; இதைப் பற்றி அந்த நாட்டின் பிற ஊர்க்காரர்கள் தலைநகரத்தாரை ஓயாமல் கேலி செய்வார்கள்.

காரம் உண்டா என்பதற்கு 'பீக்கா?' போதும். மிளகாயின் தாயகமே அந்த நாடு என்பதால், 'நோ பீக்கா' என்ற உறுதிமொழியை முழுமையாக நம்ப வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் 'லா குவேன்த்தா, போர் ஃபபோர்' என்று கேட்டால்தான் ரசீது வரும். கேட்காமல் கொண்டுவந்து வைப்பது விரட்டுவது போலாகும்.

எட்டாம் படி: எண், நேரம், பயணம்

ஊனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, ஸீன்க்கோ, ஸேய்ஸ், ஸியேத்தே, ஓச்சோ, நுவேபே, தியேஸ்: இவை ஒன்று முதல் பத்து. 11 முதல் 15 வரை தனிச்சொற்கள்: ஓன்ஸே, தோஸே, த்ரேஸே, கத்தோர்ஸே, கீன்ஸே. 16 முதல் தமிழ் போலவே பத்தும் ஆறும் சேரும். 60 'ஸெஸேன்த்தா', 70 'ஸெத்தேன்த்தா'. இவ்விரண்டில் ஏமாறாதவர் இல்லை என்பதால் விலை கேட்கும் இடத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நூறு 'ஸியேன்', ஆயிரம் 'மீல்'.

மணி கேட்க 'கே ஓரா எஸ்?' ஒரு மணிக்கு மட்டும் 'எஸ் லா ஊனா', மற்றவற்றுக்கு 'ஸோன் லாஸ்' என்று தொடங்க வேண்டும். 'அஓரீத்தா' என்ற மெக்சிகோச் சொல்லை அகராதி 'இப்போதே' என்கிறது. பேச்சில் அது இந்த நொடியாகவும் இருக்கலாம், மாலையாகவும் இருக்கலாம், நடக்கவே நடக்காததாகவும் இருக்கலாம். நம் 'இதோ வந்துட்டேன்' எவ்வளவு உண்மையோ அதுவும் அவ்வளவே.

சிற்றுந்தில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் 'பாஹன்!' என்று உரக்கச் சொல்ல வேண்டும். 'பாஹன்' என்பதும் மெலிந்த தொடக்கமே. தெருவில் யாராவது 'ஆகுவாஸ்!' என்று கத்தினால் தண்ணீரைத் தேடாமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள், 'பார்த்து!' என்ற எச்சரிக்கை அது. உதவிக்கு 'அயூதெமே, போர் ஃபபோர்', மருத்துவர் தேவையென்றால் 'நெஸெஸீத்தோ ஊன் மேதிக்கோ'. மெக்சிகோவில் அவசர உதவி எண் 911, ஸ்பெயினில் 112.

ஒன்பதாம் படி: சொற்களைச் சேர்ப்பது

ஸ்பானிஷில் நாற்காலிக்கும் உண்டு பால். உயர்திணை, அஃறிணை என்று பகுத்து உயிரற்றவற்றைப் பால் வேறுபாட்டிலிருந்து விடுவித்துவிட்ட மொழியிலிருந்து போகிறவருக்கு இதுவே உண்மையான தடை. 'ஓ' முடிவு ஆண், 'ஆ' முடிவு பெண் என்பது பொதுவிதி. கை 'லா மானோ', நாள் 'எல் தீயா', சிக்கல் 'எல் ப்ரொப்லேமா' ஆகியவை அதை மீறும். ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல், முன்னால் 'எல்' அல்லது 'லா' சேர்த்தே எழுதி, சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். நம் 'நல்ல' எதற்கும் மாறாது; அங்கே 'புவேனோ' பெண்பாலுக்கு முன் 'புவேனா' ஆகிவிடும்.

ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்கள், அவர்கள் மொழியின் உடன்பிறப்பான ஸ்பானிஷிலும் ஏறத்தாழ அப்படியே உள்ளன. மேசைக்கு 'லா மேஸா', அலமாரிக்கு 'எல் அர்மாரியோ', துவாலைக்கு 'லா தோஆயா', பப்பாளிக்கு 'லா பப்பாயா'. இலங்கைத் தமிழர் காலணியைச் சப்பாத்து என்பர். ஸ்பானிஷில் 'எல் ஸப்பாத்தோ'. பாதிரியார் 'எல் பாத்ரே'. தந்தைக்கும் அதே சொல். மெக்சிகோ இளைஞர்கள் 'கே பாத்ரே!' என்று கூவினால் மட்டும் அது 'செம!' என்று பொருள்.

பயிற்சிக்கு அட்டைகள் சிறந்தவை. ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் தமிழ். ஆங்கிலம் எங்கும் வேண்டாம். தனிச்சொல்லை எழுதாமல் வாக்கியமாக எழுதுங்கள்: 'எனக்கு மறந்துபோச்சு' என்று பேச்சுத்தமிழிலேயே ஒரு பக்கமும், 'ஸே மே ஓல்பிதோ' என்று மறுபக்கமும். நாளுக்கு ஐந்து வாக்கியங்கள் போதும். ஆங்கி போன்ற இலவசச் செயலிகள் மறக்கும் தறுவாயில் அட்டையைத் திரும்பக் காட்டும். மெக்சிகோ வானொலியிலோ நேர்காணலிலோ ஒரு நிமிடத்தை எடுத்து, பேசுபவரோடு சேர்ந்தே ஒலித்து, உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள்; டகரம் நுழைந்திருக்கிறதா, அழுத்தம் சரியான அசையில் விழுந்திருக்கிறதா என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். சான்றிதழ் வேண்டுவோருக்கு 1991இல் ஸ்பெயின் நிறுவிய செர்வான்டெஸ் நிறுவனத்தின் டெல்லி மையம் வகுப்புகளும் 'தேலே' தேர்வும் நடத்துகிறது. ஆறு நிலைகள் கொண்ட அத்தேர்வின் முதல் நிலைக்கு, மேலே சொன்னவற்றோடு நிகழ்கால விகுதிகளையும் எழுத்துப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் படி: வேறு நாட்டுக்குப் போகும்போது

அர்ஜென்டினாவில் 'தூ' என்பதற்குப் பதில் 'போஸ்' வரும், வினையின் அழுத்தமும் கடைசி அசைக்கு நகரும்: 'தியேனேஸ்' என்பது அங்கே 'தெனேஸ்'. மெக்சிகோவில் பன்றிக் கொழுப்பான 'மன்த்தேக்கா' அங்கே வெண்ணெய் என்பதால், சைவர்கள் பதறிக் கேட்க வேண்டிய கேள்வியும் மாறிவிடும். ஸ்பெயினில் நண்பர்கள் பலரைச் சேர்த்து அழைக்க 'போஸோத்ரோஸ்' என்று தனிச்சொல் உண்டு. மற்ற நாடுகளில் எல்லோருக்கும் 'உஸ்தேதேஸ்' போதும். ஸ்பெயினில் பேருந்தைப் 'பிடிக்க' நாள்தோறும் பயன்படுத்தும் 'கொஹேர்' என்ற வினை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். இரு பக்கமும் பாதுகாப்பாகச் சொல்லக்கூடியது 'தொமார்'.